ஸ்கார்பரோ சந்தைப் பாடலில் யார் யாரிடம் பேசுகிறார்கள்?

வணக்கம். ‘ஸ்கார்பரோ சந்தை’ (Scarborough Fair) என்னும் ஆங்கில நாட்டுப்புறப் பாடலில், ஊசி படாமல், தையல் இல்லாமல் சட்டை தைத்துத் தந்தால்தான் காதலை ஏற்பேன் என்று சொல்லும் ஒருவன், அதே மூச்சில் கடல்நீருக்கும் கரைக்கும் நடுவே ஒரு ஏக்கர் நிலமும் கேட்பது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் குழப்பம் நியாயமானதே. அமெரிக்கப் பாடகர் இணையரான சைமனும் கார்ஃபங்கலும் 1966இல் கிதாருடன் பதிவு செய்த வடிவத்தில், இருவர் பேச வேண்டியதை ஒரே தரப்பு பேசிவிடுகிறது.

இதன் மூலமாகக் கருதப்படும், 1670 வாக்கில் அச்சான ஸ்காட்லாந்துக் கதைப்பாடலில், மாய வீரன் ஒருவன் தையலில்லாச் சட்டையைக் கேட்க, அந்தப் பெண் சற்றும் தளராமல், கடலோரத்தில் உள்ள என் ஏக்கர் நிலத்தைக் கொம்பால் உழுது, விதைத்து, விளைச்சலை வீடு கொண்டு வந்துவிட்டுச் சட்டையை வாங்கிக்கொள் என்று திருப்பிக் கொடுக்கிறாள். ஆகவே இதை உருக்கமான தூதாக மட்டும் கேட்காமல், நம் எசப்பாட்டைப் போன்ற வாய்ச்சண்டையாகக் கேட்டுப் பாருங்கள். அடிகள் தாமாகவே இரண்டு தரப்பாகப் பிரியும். நிலம், அதில் விளைந்ததை அறுக்கும் தோல் அரிவாள் பற்றியவை அவளுடையவை.

பாடலில் திரும்பத் திரும்ப வரும் பார்சிலி, சேஜ், ரோஸ்மேரி, தைம் என்னும் நான்கு மூலிகைகளுக்கு இணையத்தில் ஆளுக்கொரு தத்துவம் சொல்கிறார்கள். எனக்கு அவற்றில் நம்பிக்கையில்லை. அந்தப் பழைய அச்சில் மூலிகைகளே கிடையாது. காற்று என் போர்வையை அடித்துச் சென்றது என்பதே அங்கே பல்லவியாக வருகிறது.

சைமன், கார்ஃபங்கல் பதிவின் பின்னணியில் மெல்லக் கேட்கும் போர் பற்றிய வரிகள் பால் சைமனின் வேறொரு பாடலிலிருந்து சேர்க்கப்பட்டவை. காதல் கதையோடு அவற்றை முடிச்சுப் போட வேண்டாம்.