காத்தோட வர்ற தீ, எரியுற வீடுங்க: கேளுங்க, சொல்றேன்

கலிஃபோர்னியால வீடு வீடாப் போய் தீப்பொறி எங்க நுழையும்னு பாத்து ரிப்போர்ட் எழுதுறது என் வேலை. 2025 ஜனவரி லாஸ் ஏஞ்சலஸ் தீயைப் பத்தி ஆளாளுக்கு தனித்தனியா கேட்டுட்டு இருந்தீங்க, அதான் எல்லாத்துக்கும் இங்கயே பதில்.

கோவை சரண்யா: மலைல புடிச்ச தீ ஊருக்குள்ள எப்படி வந்துச்சு அண்ணா?

தீ ஒரு சுவர் மாதிரி நகர்ந்து வந்து வீட்டை முழுங்குதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. பெரும்பாலான வீட்டுல நடக்கிறது வேற. நெவாடா, யூட்டா பக்கத்து உயரமான பாலைவனத்துல இருந்து காத்து மலையைத் தாண்டி கடல் பக்கம் இறங்குது, இறங்க இறங்க அமுங்கி சூடாகுது, ஈரமே இல்லாம காய்ஞ்சு போய் வருது, சாண்டா ஆனா காத்துன்னு சொல்வாங்க. அதுக்கு முந்தின ரெண்டு குளிர்காலமும் நல்ல மழை, புல்லும் புதரும் மண்டிக் கெடந்துச்சு, அப்புறம் 2024 மே மாசத்துல இருந்து தீ புடிக்கிற வரைக்கும் லாஸ் ஏஞ்சலஸ் டவுன்டவுன்ல மொத்தமே 4 மில்லிமீட்டர்தான் மழை. ஜனவரி 7 அன்னைக்கு மலைப் பக்கம் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல வீசுச்சு. அந்த வேகத்துல பொறி ஒரு மைலுக்கு மேல பறக்கும்.

அது வந்து விழுற இடம்தான் முக்கியம். கூரை ஓரத்து தகட்டுல சேந்த காய்ஞ்ச இலை, சுவரை ஒட்டி அலங்காரத்துக்குக் கொட்டின மரப்பட்டைத் துண்டு, வாசல்ல தேங்கா நார் மிதியடி. இன்னொண்ணு பரணுக்கு காத்து போக விடுற வெண்ட். பழைய வீட்டுல அதுக்கு கால் இஞ்ச் ஓட்டை உள்ள வலைதான் இருக்கும், பொறி சுலபமா நுழைஞ்சு உள்ள இருக்கிற அட்டைப்பெட்டி மேல உக்காந்து புகைய ஆரம்பிக்கும், வெளிய இருந்து பாத்தா வீட்டுக்கு ஒண்ணுமே ஆகல, கொஞ்ச நேரம் கழிச்சு கூரையைப் பிச்சுக்கிட்டு தீ வரும். ஒரு வீடு புடிச்சாச்சுன்னா அப்புறம் காடே தேவையில்ல, அந்த வெக்கைல பத்தடி தள்ளி இருக்கிற வீட்டு ஜன்னல் கண்ணாடி வெடிக்கும், உள்ள திரைச்சீலை புடிக்கும். அந்த ஜனவரில லாஸ் ஏஞ்சலஸ்ல புடிச்ச பெரிய தீ ரெண்டு, பாலிசேட்ஸ், ஈட்டன்னு பேரு, ரெண்டுலயும் சேத்து 16,000க்கு மேல கட்டடம் போனது இப்படித்தான்.

ராஜா_திருச்சி: பணக்கார ஊர்ல தண்ணிகூட இல்லையா? குழாய் வத்திப் போச்சாமே?

வத்துச்சு, உண்மை. பாலிசேட்ஸ்ல மேட்டுப் பகுதிக்கு தண்ணி தர்ற மூணு தொட்டி, ஒவ்வொண்ணும் பத்து லட்சம் கேலன், அடுத்த நாள் விடியக்காலைக்குள்ள மூணும் காலி. பக்கத்துல சாண்டா இனெஸ் நீர்த்தேக்கம், அதோட மேல்மூடியை ரிப்பேர் பண்றதுக்காக காலியா கெடந்துச்சு, அதுக்காக ஜனங்க கோவப்பட்டது நியாயம். ஆனா ஊர்க் குழாய் ஒண்ணு ரெண்டு வீடு எரிஞ்சா அணைக்கப் போட்டது. ஒரே ராத்திரில நூத்துக்கணக்கான வீடு எரிஞ்சா, எரிஞ்ச ஒவ்வொரு வீட்டுக் குழாயும் உடைஞ்சு தண்ணி வீணா கொட்டும், அழுத்தம் போயிடும். அந்தக் காத்துல முதல் நாள் ராத்திரி தண்ணி கொட்டுற விமானமும் பறக்க முடியல.

பில்டர் முருகன்: மரத்துல கட்டினா எரியத்தான் செய்யும். நம்ம ஊர் மாதிரி செங்கல்ல கட்டினா என்ன?

1933ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல லாங் பீச் நிலநடுக்கத்துல செங்கல் கட்டடங்கள் பொலபொலன்னு விழுந்துச்சு, பள்ளிக்கூடங்கள் உட்பட. அதுக்கப்புறம்தான் கம்பி போடாத செங்கல் கட்டடத்துக்கு அங்க தடை வந்துச்சு.

பில்டர் முருகன்: அப்போ கம்பி போட்டு கான்கிரீட்ல கட்டலாமே. சாக்கு சொல்றீங்க.

கட்டலாம், சில பேர் கட்டியும் இருக்காங்க, கான்கிரீட் சுவர் தீயைத் தாங்கும்னு நானும் ஒத்துக்கிறேன். ஆனா சுவர் தப்பிச்சா வீடு தப்பிச்ச மாதிரி இல்ல, கண்ணாடி உடைஞ்சு சோபா புடிச்சா உள்ள எல்லாம் சாம்பல்தான். கலிஃபோர்னியால 2008ல புது கட்டட விதி வந்துச்சு: எரியாத கூரை, பொறி நுழையாத வெண்ட், வெக்கைல சட்டுனு உடையாத டெம்பர்டு கண்ணாடி. 2018ல பாரடைஸ் ஊர் எரிஞ்சு 85 பேர் செத்தாங்களே, அங்க அந்த விதிக்கு அப்புறம் கட்டின வீடுங்க பாதிக்குப் பாதி சேதமில்லாம நின்னுச்சு, முந்தி கட்டினது அஞ்சுல ஒண்ணுகூட தேறல. பெரும்பாலும் ரெண்டுமே மரச்சட்ட வீடுதான் முருகன் சார். வித்தியாசம் ஓட்டையிலயும் ஓரத்துலயும் இருக்கு.

செல்வி மதுரை: வீடு சாம்பல், பக்கத்துல மரம் பச்சையா நிக்குது. லேசர் வச்சு எரிச்சாங்கன்னு வீடியோ வருதே?

லேசரும் இல்ல ஒண்ணும் இல்ல, அதை ஃபார்வர்ட் பண்ணாதீங்க, வீட்டை இழந்தவங்க அதைப் பாத்து நொந்து போறாங்க. உயிரோட இருக்கிற மரத்துல தண்ணி இருக்கு, வீட்டு மரம் வருஷக்கணக்கா காய்ஞ்ச கட்டை. புல்லுத் தீ ஒரு இடத்தை சில நிமிஷத்துல கடந்து போயிடும், வீடு மணிக்கணக்கா நின்னு எரியும். அந்தப் படமே சொல்லுது, தீ மரத்துக்கு மரம் தாவல, வீட்டுக்கு வீடு தாவியிருக்கு.

அருண்: செங்கல்ல ஏன் கட்ட மாட்டேங்கிறாங்க?

மேல படிங்க.

நாகை ஷாஹுல்: மலையோ காடோ இல்லாத ஊருன்னா பயமில்லதானே?

இருக்கு பாய். கொலராடோல 2021 டிசம்பர் 30, மார்ஷல் தீ. சுத்தி வெறும் புல்வெளி, காத்து மணிக்கு 160 கிலோமீட்டர். லூயிவில், சுப்பீரியர்னு சாதாரண குடியிருப்பு ஊருங்க, ஆயிரத்துக்கு மேல வீடு ஒரே நாள்ல போச்சு, அடுத்த நாளே பனி கொட்டுச்சு. 2017ல கலிஃபோர்னியா சாண்டா ரோசால தீ ஆறு லேன் ஹைவேயைத் தாண்டி காஃபி பார்க் குடியிருப்புக்குள்ள புகுந்துச்சு.

தினேஷ்: ஹோஸ் வச்சு நானே நின்னு காப்பாத்தலாமா?

வேண்டாம் தம்பி. சொன்ன உடனே கிளம்பு, முடிஞ்சா சொல்றதுக்கு முன்னாடியே. பாலிசேட்ஸ்ல ரோடு அடைச்சு, ஜனங்க காரை நடுரோட்ல விட்டுட்டு ஓடினாங்க, அப்புறம் தீயணைப்பு வண்டி போக புல்டோசர் வச்சு அந்தக் காரையெல்லாம் ஒதுக்க வேண்டியதாச்சு.

பெயரில்லை: இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசியை ரத்து பண்ணிட்டா?

அது மாநில இன்சூரன்ஸ் துறைகிட்ட கேக்க வேண்டியது.

விஜய் கே: காங்கிரீட்...

போதும்பா, இதுக்கு மேல சுவரைப் பத்தி பேச மாட்டேன். சுவரை ஒட்டின அஞ்சு அடியைப் பத்தி ஒருத்தராவது கேளுங்க.

மீனா, சேக்ரமெண்டோ: வாடகை வீடு அண்ணா, இந்த வாரம் என்ன பண்ணலாம்?

இதைத்தான் எதிர்பாத்தேன் மீனா. சுவர்ல இருந்து அஞ்சு அடிக்குள்ள எரியுற எதுவும் இருக்கக் கூடாது. மிதியடியை எடுத்துருங்க, மரப்பட்டைக்குப் பதில் ஜல்லி போடுங்க, விறகு, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாத்தையும் தள்ளி வைங்க, கூரைத் தகட்டு இலையை வாரிப் போடுங்க. மரவேலி வீட்டைத் தொடுற கடைசித் துண்டைக் கழட்டி இரும்பு கேட் போடவும், வெண்ட் வலையை எட்டுல ஒரு பங்கு இஞ்ச் ஓட்டைக்கு மாத்தவும் ஓனருக்கு மெயில் போடுங்க. வெண்ட் எங்க இருக்குன்னு தெரியலன்னா போட்டோ எடுத்து அனுப்புங்க, வட்டம் போட்டுக் காட்டுறேன்.