சிறுத்தையாக மாறிய சிவிங்கி: பழைய எண்ணெய் ஓவியங்கள் குறித்த கேள்வி பதில்

பெங்களூரில் 22 வருடமாகப் பழைய எண்ணெய் வண்ண ஓவியங்களைச் சீர்செய்து வருகிறேன். சமீபத்தில் ஓர் அரண்மனைக் கூடத்தில் மாட்டுவதற்காக ஒரு வேட்டைக் காட்சியை முடித்துக் கொடுத்தேன். ஆறடி உயரம், ஒன்பதடி அகலம். மாட்டுவண்டி, குதிரைகள், ஓடும் கலைமான், அதைத் துரத்தும் ஒரு விலங்கு. அதைப் பற்றி நம்மவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

அல்சூரிலிருந்து ஒருவர்: மேடம், உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பழைய ஓவியம் பளிச்சென்று ஆகிவிடுமாமே?

ஆகும், ஒரு வாரத்துக்கு. கிழங்கின் மாவும் ஈரமும் விரிசலுக்குள் இறங்கிவிடும். மழைக்காலம் வந்தால் பூஞ்சைக்குப் பந்தி விரித்த மாதிரி. வெங்காயம், தேங்காய் எண்ணெய், பாத்திரம் தேய்க்கும் சோப்பு எல்லாவற்றுக்கும் இதுதான் பதில்.

ஃப்ரேசர் டவுன்: அப்போ நீங்க எதால துடைச்சீங்க அக்கா?

சிரிக்கக் கூடாது. முதலில் எச்சிலால். பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்து, ஒரு ஓரத்தில் மெல்ல உருட்டிப் பார்ப்போம். எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி அழுக்குப் படலத்தை இளக்கும். இதை ஆராய்ந்த போர்ச்சுகல் நாட்டவருக்கு 2018-இல் இக் நோபல் பரிசே கிடைத்தது, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுப்பது அது. எச்சில் பட்ட தம்ளரைத் தனியாக வைக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் 54 சதுர அடிக்கு யாருடைய எச்சிலும் போதாது. மீதியை சிட்ரேட் உப்புக் கரைசலால் துடைத்தேன்.

ஜெயநகர்: வானமெல்லாம் மஞ்சளாக இருந்ததே, சாயங்கால வேட்டையா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மஞ்சள் ஓவியனுடையது அல்ல, வார்னிஷுடையது. அதில் இருக்கும் டாமர் என்ற மரப்பிசின் வயதாக ஆகப் பழுப்பாகும். அடியில் இருக்கும் நீலம் பச்சையாகத் தெரியும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த 'இரவுக் காவல்' ஓவியத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் கறுத்த வார்னிஷால்தான். 1940-களில் சுத்தம் செய்தபோது அது பகல் காட்சி என்று தெரிந்தது. எங்கள் கலைமானும் காலை வெயிலில்தான் ஓடுகிறது.

இந்திரா நகர்: அந்த விலங்கு சிறுத்தையா, சிவிங்கியா? படத்தில் ரெண்டுமாத் தெரியுது.

இதைக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு காபி. அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக அதைச் சிறுத்தை என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் கலைமான் வேட்டைக்குப் பழக்கியது சிவிங்கியை, அதாவது சீட்டாவை. கண்ணைக் கட்டி மாட்டுவண்டியில் கொண்டுபோய், மான் கூட்டத்துக்கு அருகே அவிழ்த்துவிடுவார்கள். சந்தேகம் வந்து அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கடித்தேன். பழைய வார்னிஷ் பச்சையாக மினுங்கியது. விலங்கின் உடம்பு மட்டும் திட்டுத்திட்டாகக் கறுத்து நின்றது. பின்னால் வந்த ஒருவர் வார்னிஷ் மேலேயே வண்ணம் பூசியிருந்தார். இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போனதாக 1952-இல் அறிவித்துவிட்டார்கள். மனிதர் உயிருள்ள சிவிங்கியைப் பார்த்திருக்கவே மாட்டார் போல. பொட்டு பொட்டாக இருந்த புள்ளிகளை, தெரிந்த சிறுத்தையைப் போல வளையம் வளையமாக்கிவிட்டார்.

வீட்டுப் பெரியவருக்கு எடுக்க மனமில்லை. "எங்க தாத்தா பார்த்த சிறுத்தைம்மா அது" என்றார். நியாயம்தான். ஒரு விரல்நக அகலம் மட்டும் எடுத்துக் காட்டுகிறேன் என்று அனுமதி வாங்கி, முகத்தில் தொடங்கினேன். கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்தாற்போல அந்தக் கறுப்புக் கோடு வந்தது. சிவிங்கிக்கு மட்டுமே உள்ளது. பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாலருகே மட்டும் அடியில் அசல் வண்ணமே மிஞ்சவில்லை. அங்கே பழைய ஆளின் கைவேலையை அப்படியே விட்டேன். ஆக, வால் இன்னும் சிறுத்தை வால்.

மல்லேஸ்வரம்: உதிர்ந்த இடங்களில் நீங்களும் வண்ணம் தீட்டினீர்கள்தானே? அவர் செய்தது மட்டும் எப்படித் தப்பு?

உதிர்ந்த பள்ளத்துக்குள் மட்டும் தீட்டினேன், ஓரத்தில் ஒரு மயிரிழைகூடத் தாண்டாமல். அதுவும் எண்ணெய் வண்ணத்தில் அல்ல, நாளைக்கு இன்னொருவர் நினைத்தால் கரைத்து எடுத்துவிடக்கூடிய பிசின் வண்ணத்தில்.

கோரமங்களா: வேட்டையைக் கொண்டாடும் படத்துக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா?

1972-இல் வேட்டையைத் தடுக்கும் வனவிலங்குச் சட்டம் வந்தது. நூறு வயது தாண்டிய ஓவியத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை போட்ட தொல்பொருள் சட்டமும் அதே வருடம்தான். எனக்கு இரண்டும் வேண்டும்.

ஆர்.டி. நகர்: வீட்டில் மாட்டினால் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மழைநீர் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். படச் சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் காற்று போகும். நேர்வெயில் கூடாது, படத்துக்கு மேலே ஹாலஜன் விளக்கும் கூடாது. ஈரத் துணியால் துடைக்கும் வேலைக்காரம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிவாஜி நகர்: எங்க வீட்டுல ரவி வர்மா லட்சுமி படம் இருக்கு, எண்ணெய் ஓவியம்னு தாத்தா சொல்வார். கொண்டு வரலாமா?

முதலில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகத்தின் படங்கள் ஊர் ஊராகப் போயின. சிலவற்றுக்கு மேலே வார்னிஷும் உண்டு. நுணுக்கமான புள்ளிகள் தெரிந்தால் அது காகிதத்தில் அச்சிட்டது. தண்ணீர் படாமல் சுருட்டாமல் வையுங்கள், காகிதம் சீர்செய்கிறவரிடம் காட்டுங்கள். தூரிகைத் தடம் தெரிந்தால் மட்டும் என்னிடம் வாருங்கள்.