மண்ணீரல் தளர்ந்தது என்றால் என்ன?

கேள்வி: என் மகன் சீனாவின் குவாங்சௌ நகரில் படிக்கிறான். கோடை தொடங்கியதிலிருந்து வயிற்று உப்புசம், மலம் இளகுதல், சாப்பிட்டதும் அயர்வு என்று அவதிப்படுகிறான். அங்குள்ள மரபு மருத்துவர் ஒருவர் நாடியும் நாக்கும் பார்த்துவிட்டு, மண்ணீரல் தளர்ந்து உள்ளே ஈரம் தங்கியிருப்பதாகக் கூறி, ஐஸ் தண்ணீரையும் குளிரவைத்த தர்பூசணியையும் நிறுத்தி, உணவில் இஞ்சி சேர்க்கச் சொன்னாராம். கொளுத்தும் வெயிலில் இஞ்சியா? மண்ணீரலுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா ஐயா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்தச் சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம் அம்மா. சீன மருத்துவத்தில் மண்ணீரல் என்பது இடப்பக்க விலாவுக்குள் இருக்கும் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. இரைப்பை ஏற்ற உணவைப் பக்குவப்படுத்தி, அதன் சாரத்தை உடலெங்கும் சேர்க்கும் செயல் முழுவதற்கும் அதுவே பெயர். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்து கூறுகளில் அது மண்ணுக்கு உரியது. நம் மொழியிலும் அதன் பெயரில் மண் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் பொருத்தம்.

இந்தக் கருத்தை வலுவாக நிலைநாட்டியவர் லீ தொங்யுவான் (1180–1251) என்னும் சீன மருத்துவர். 1232-இல் மங்கோலியர் கைஃபெங் நகரை முற்றுகையிட்டபோது அவர் அங்கே இருந்தார். முற்றுகை தளர்ந்தபின் மக்கள் திரள்திரளாக நோயுற்று மடிய, மற்ற மருத்துவர்கள் அதை வெளியிலிருந்து தாக்கிய குளிராகக் கருதிக் கடுமையான மருந்துகளைக் கொடுத்தனர். பசியும் அச்சமும் ஓயாத உழைப்பும் செரிமானத்தையே சிதைத்துவிட்டன என்றும், அம்மருந்துகள் சாவை விரைவுபடுத்தின என்றும் லீ எழுதினார். மண்ணீரலையும் இரைப்பையையும் பற்றிய அவருடைய நூல் 1249-இல் எழுதப்பட்டது.

இனி இஞ்சிக்கு வருவோம். கோடையில் உடலின் வெம்மை தோலை நோக்கி வெளியேறிவிடுவதால் வயிற்றின் உட்புறம் குளிர்ந்துவிடுகிறது என்பது சீன மருத்துவர்களின் கணக்கு; வெயில் காலத்தில் கிணற்று நீர் சில்லென்று இருப்பதை எண்ணிப் பாருங்கள். அந்த நேரத்தில் ஐஸ் தண்ணீரை ஊற்றுவது எரியும் அடுப்பை அணைப்பதற்கு ஒப்பாகும் என்பார்கள். 'குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி' என்பது சீனப் பழமொழி. கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் இடையிலான புழுக்கப் பருவத்தை அவர்களுடைய பழைய நூல்கள் மண்ணீரலுக்கே உரியதாக வகுத்துள்ளன. அப்பருவத்தின் குணம் ஈரம். குவாங்சௌவின் கோடையில் காற்றே நனைந்திருப்பதுபோல் இருக்கும் என்பதால், மருத்துவர் சொன்னதில் வியப்பில்லை. இஞ்சியைக் காலையில் சேர்ப்பதே அங்கும் வழக்கம்; நம் சித்த மருத்துவம் கூறும் 'காலையில் இஞ்சி'யும் அதுவே.

மகன் வெந்நீர் குடிக்கட்டும். வேளை தவறாமல், வயிறு முட்டாதபடி, வெந்த சூடான உணவை உண்ணட்டும். அரிசிக் கஞ்சியோடு, பார்லியைப் போன்ற யீரென் என்னும் வெண்மணித் தானியத்தைச் சேர்த்துக் காய்ச்சுவது அங்கே எளிய வீட்டு முறை. பழத்தை அறவே விலக்க வேண்டியதில்லை, ஐஸில் வைக்காமல் கொஞ்சமாகச் சாப்பிடலாம்.

ஆனால் இவை மரபின் விளக்கங்கள் என்பதையும், இதே தொல்லைகள் கிருமித் தொற்றாலும் பால் ஒவ்வாமையாலும் வரக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. மருத்துவர் பயன்படுத்திய சொல்லை மட்டும் கேட்டு மண்ணீரலுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. எனினும் மூன்று வாரங்களுக்கு மேல் தொல்லை நீடித்தாலோ, எடை குறைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மலத்தில் குருதி கண்டாலோ, மகன் தாமதிக்காமல் மருத்துவமனையில் மலமும் குருதியும் சோதித்துக்கொள்ள வேண்டும். கஷாயம் ஏதேனும் தரப்பட்டிருந்தால் அதன் சரக்குகளின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.