ஒன்பதாம் மாத எம்.ஆர். ஊசி: குலசேகரம் சகோதரிக்கு

சகோதரி, மணல்வாரி (தட்டம்மை), ரூபெல்லா இரண்டையும் தடுக்கும் எம்.ஆர். ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற வாட்ஸ்அப் குரல்பதிவைக் கேட்டு, ஒன்பது மாதக் குழந்தைக்கு ஊசியே வேண்டாம் என்று மாமியார் மறிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயங்காமல் போடுங்கள்.

இந்தப் பயத்தின் வேர், 1998இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து, எம்.எம்.ஆர். ஊசியை (எம்.ஆர். ஊசியோடு பொன்னுக்குவீங்கித் தடுப்பும் சேர்ந்தது) ஆட்டிசத்தோடு இணைத்து பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு எழுதிய கட்டுரை. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைக் கவனித்து 2019இல் வந்த ஆய்வில் எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகள் கண்ணில் படும் வயதும் ஊசி போடும் வயதும் ஒட்டியே வருகின்றன. அதனால்தான் சில பெற்றோருக்கு அப்படித் தோன்றுகிறது. அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை.

தக்கலையில் என் மகளுக்குப் போட்டபோது, குப்பியைத் திறந்த நேரத்தைச் செவிலியர் அதன் மேலேயே எழுதினார். நான்கு மணி நேரத்துக்கு மேல் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். எட்டாம் நாள் இலேசான காய்ச்சல் வந்து, மறுநாளே தணிந்தது.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். அவர் சிறுவயதில் மணல்வாரி கண்டு வேப்பிலையில் கிடந்த பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். புதன்கிழமை அவரையும் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்; செவிலியரிடம் அவரே நேரில் கேட்கட்டும்.