மூன்று நாள் வெயில் அடித்தால் பனிச்சரிவு வராதா?

கேள்வி (கோவை வாசகர்): ஜனவரி கடைசியில் காஷ்மீரின் குல்மர்க் போகிறோம். கோண்டோலாவில் (ரோப் கார்) அப்பர்வத் மலை வரை ஏறி, ஓடுபாதைக்கு வெளியே ஸ்கீ விட ஆசை. மூன்று நாளாகப் பனி பெய்யாமல் வெயில் அடித்தால் பயமில்லைதானே?

பதில்: வானத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பனியைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். சீசன் ஆரம்பத்தில் விழும் பனி தரையில் மெல்லிசாகக் கிடக்கும். தரையை ஒட்டிய பனி 0 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மேற்பரப்போ தெளிந்த இரவில் மைனஸ் 15-க்கும் இறங்கும். 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே அடியிலிருந்து நீராவி மேலேறி, துகள்களுக்கு இடையே இருந்த ஒட்டு விட்டுப்போகும். அந்தப் பனியை அள்ளி உருண்டை பிடித்துப் பாருங்கள், நிற்காது. அஸ்கா சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் கொட்டும்.

இதன் மேல் அடுத்த பனி விழுந்து காற்றில் பலகையாக இறுகிவிட்டால், ஓர் ஆள் பாரமே போதும். அடியில் சர்க்கரை நொறுங்கும், விரிசல் கண்ணிமைப்பதற்குள் சரிவு முழுக்க ஓடும், பலகை மொத்தமாக வழுக்கும். இந்த அடுக்கு வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். வெயில் நாளிலும் காற்று சும்மா இருப்பதில்லை. முகட்டிலிருந்து வெள்ளைப் புகை போலப் பனி பறப்பது தெரிந்தால், மறுபக்கச் சரிவில் அது குவிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சாய்வை அளந்து பாருங்கள். போனிலேயே அதற்குச் செயலி உண்டு. பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள்தான் கிளம்பும். காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் சத்தம், ஸ்கீ முனையிலிருந்து ஓடும் கீறல், பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடம்: மூன்றில் ஒன்று தெரிந்தாலும் 30 டிகிரிக்கு மேல் ஏறாதீர்கள், அத்தகைய சரிவின் அடியிலும் நிற்காதீர்கள். ஓடுபாதையில் ரோந்துக் குழு இருக்கிறது. ஓடுபாதையின் எல்லைக் கயிற்றைத் தாண்டினால் இந்தச் சோதனை உங்கள் பொறுப்பு.

கேள்வி (சென்னை வாசகர்): பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும் சிறு கருவி) வாடகைக்குக் கிடைக்கிறது. அது ஒன்று போதுமா?

பதில்: போதாது. பீக்கன், 240 செ.மீ. அல்லது அதைவிட நீளமான புரோப் கம்பி (பனியில் குத்தித் தேடுவது), உலோக மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். சரிந்து நின்ற பனி சிமென்ட் போல இறுகிவிடும்; பிளாஸ்டிக் மண்வெட்டி உடையும். புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். வெளி உதவி அதற்குள் வந்து சேராது. காப்பாற்ற வேண்டியது கூட வந்தவர்கள்தான்.

கிளம்பும்போதே எல்லாருடைய பீக்கனும் 'அனுப்பு' நிலையில் இருக்கட்டும். போன் அதிலிருந்து 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். நெருங்கினால் சிக்னல் குழம்பும். விபத்தானால், ஆளைக் கடைசியாகக் கண்ட இடத்திலிருந்து கீழ்நோக்கித் தேடுங்கள். தேடுபவர்கள் எல்லாரும் 'தேடு' நிலைக்கு மாற வேண்டும். ஒருவர் மறந்தாலும் அவருடைய சிக்னலைத்தான் துரத்துவீர்கள். பீக்கன் திரையில் தூரம் காட்டும் எண் 3-க்குக் (மீட்டர்) கீழே வந்ததும் பீக்கனைப் பனிமேல் ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். மிகச் சிறிய எண் வந்த இடத்தில் சரிவுக்குச் செங்குத்தாகக் கம்பியைக் குத்துங்கள்; பிறகு 25 செ.மீ. இடைவெளியில் சுற்றிச் சுற்றி. ஆள் தட்டுப்பட்டால் கம்பியை உருவ வேண்டாம். புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் கீழே தள்ளி நின்று, பக்கவாட்டில் தோண்டுங்கள். தலைக்கு மேல் நின்று தோண்டினால், அவருக்கு மிச்சமிருக்கும் காற்றிடமும் அமுங்கிவிடும்.

கேள்வி (மதுரை வாசகர்): உத்தராகண்டின் கேதார்கண்டா ட்ரெக்கில் கூடாரம் சமதளத்தில்தான் போடுகிறார்கள். அங்கே பயமில்லையே?

பதில்: சமதளமா என்பதோடு, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் அருகே மாணாவில் எல்லைச் சாலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த கண்டெய்னர்களையே சரிவு மூடியது. 54 பேரில் 8 பேர் இறந்தார்கள். ஓடை வாய்க்கு நேரே கூடாரம் வேண்டாம். மரங்களில் மேட்டுப்பக்கக் கிளைகள் மட்டும் முறிந்திருந்தால், அந்த வழியாகப் பனி இறங்கியிருக்கிறது. வழிகாட்டி தயங்கினாலும் நீங்கள் கேட்டு இடத்தை மாற்றுங்கள்.