உருளைக்கிழங்கு வேறு, டேலியா கிழங்கு வேறு

போன இதழில் டேலியாப் பூச்செடியைப் பற்றி நாலே வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசை இழுப்பறையில் அடங்கவில்லை. ஆகவே இந்த முறை ரோஜா, அந்தூரியம் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முழுக்க டேலியாதான்.

டீச்சர், பங்களாவில் வேலை செய்யும் மச்சான் பெரிய டேலியா கிழங்குக் குலை ஒன்று கொடுத்தார். நாங்கள் உருளைக்கிழங்கு போடுகிற குடும்பம். விதைக்கிழங்கு வெட்டுகிற மாதிரியே ஒவ்வொன்றையும் இரண்டு மூன்றாக வெட்டி, சாம்பல் தொட்டு நட்டேன். மொத்தம் 14 துண்டு. ஆறு வாரமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் பாதி அழுகல், பாதி வைத்தது வைத்தபடி. கிழங்கு பழுதா?
*வாசகர், கந்தப்பளை*

கிழங்கில் பழுதில்லை ஐயா. உங்கள் கைக்கு உருளைக்கிழங்குதான் பழக்கம், அது பழைய கணக்கைப் போட்டுவிட்டது.

உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு. தண்டு என்பதால் உடம்பெல்லாம் கண். எங்கே வெட்டினாலும் துண்டுக்கு ஒரு கண்ணாவது கிடைக்கும். டேலியா கிழங்கு பருத்த வேர். வேரில் கண் கிடையாது. மரவள்ளியை நினைத்துப் பாருங்கள். கிழங்கைப் புதைத்து மரவள்ளி வளர்த்தவர் யாராவது உண்டா? குச்சியைத்தானே நடுகிறோம்!

டேலியாவின் கண்ணெல்லாம் ஒரே இடத்தில்தான் இருக்கும். பழைய தண்டின் அடியும் கிழங்கின் கழுத்தும் சேருகிற இடம் அது. ஒரு விரல் அகலம் இருக்கும், அவ்வளவுதான். அதற்குக் கீழே கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் அது வெறும் சாப்பாட்டு மூட்டை. நீங்கள் மூட்டையைத்தான் 14 பங்கு வைத்திருக்கிறீர்கள்.

பிரிக்கும்போது ஒவ்வொரு பங்கிலும் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: ஒரு கிழங்கு, முறியாத கழுத்து, தண்டடியிலிருந்து கண்ணுள்ள சிறு சில்லு. கழுத்து முறிந்து தோலில் தொங்கிக்கொண்டிருப்பதை இரக்கப்பட்டு நட வேண்டாம். முளைக்காது.

சரி, கண் தெரியவில்லையே என்றால்? தோண்டிய புதிதில் எனக்கும் தெரியாது. குலையை அப்படியே ஈரத் தும்புத்தூளில், அதாவது தென்னைநார்த் தூளில், பாதி புதைத்து இரண்டு வாரம் வையுங்கள். குண்டூசித் தலை அளவில், சிலதில் இளஞ்சிவப்பாகவும் சிலதில் வெளிர்பச்சையாகவும், கண் புடைத்துக்கொண்டு வரும். அதைப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுங்கள். பங்களாத் தோட்டக்காரராக இருந்த என் அப்பா இந்த வேலைக்கென்றே பென்சில் சீவுகிற அளவுக் கத்தி ஒன்று வைத்திருந்தார். ஒரு குலையைப் பிரிக்க அரை மணித்தியாலம் எடுப்பார். அந்த நேரத்தில் அம்மா கூப்பிட்டால்கூடத் திரும்பமாட்டார்.

வெட்டுவாயில் சாம்பல் தொட்டது சரியான வேலை, அதை விடாதீர்கள். பாத்தியில் மிச்சமிருக்கும் துண்டுகளில் தண்டடி ஒட்டியது ஏதாவது இருந்தால் அதை மட்டும் தும்புத்தூளில் வையுங்கள். மற்றவை குப்பைக் குழிக்கு. மச்சானிடம் திரும்பவும் ஒரு குலை கேளுங்கள். இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

செடி என் தோளுயரம் வளர்ந்துவிட்டது டீச்சர். இலை கரும்பச்சை, தண்டு பெருவிரல் மொத்தம். ஆனால் மொட்டு ஒன்றிரண்டுதான். மாதம் இரண்டு தடவை உரம் போடுகிறோம். வீட்டுக்காரர் தேயிலைக்குப் போடுகிற உரத்தில் கொஞ்சம் வாங்கி வருவார். உரம் போதவில்லையோ?
*வாசகி, பொகவந்தலாவை*

தங்கச்சி, தேயிலையில் நாம் பறிப்பது என்ன? கொழுந்து. பூவா? தேயிலை பூத்தால் யாருக்கும் சந்தோஷமில்லை. அந்த உரத்தில் தழைச்சத்து தூக்கலாக இருப்பது இலை மேல் இலை வரட்டும் என்பதற்காகத்தான். அதை டேலியாவுக்குப் போட்டால் அதுவும் சொன்னபடி கேட்டுக் கொழுந்து விடுகிறது. மேலே ஆடம்பரமாக நிற்கும், கீழே கிழங்கு இளகி நிற்கும், தோண்டிப் பெட்டியில் சேர்த்து வைத்தால் நாளாகத் தாங்காது.

இன்றோடு அந்த உரத்தை நிறுத்துங்கள். மக்கிய மாட்டெரு நடுவதற்கு முன் ஒரு தடவை போதும். மொட்டு வைக்கும் நேரம் செடியைச் சுற்றி ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல் தூவிக் கிளறிவிடுங்கள். சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. தேயிலை புளிப்பு மண்ணில்தான் செழிக்கும், நம் வாசல் மண்ணும் பெரும்பாலும் அதே புளிப்புதான். டேலியாவுக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. சாம்பல் அதைக் கொஞ்சம் தணிக்கும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்குத் தோட்டத்தில் டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் போடுவார்களே, அதில் ஒரு சிரங்கை கிடைத்தால் நடுவதற்கு ஒரு மாதம் முன்பே பாத்தியில் கலந்துவிடலாம். உங்கள் வீட்டுக்காரர் கை சும்மா இருக்காது என்றால் இதைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

அப்புறம், வெயில். லயக் குடியிருப்புக்குப் பின்புறம், சவுக்கு மர நிழலில் வைத்திருந்தால் எந்த உரமும் உதவாது. நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும்.

சித்திரைப் புதுவருசத்துக்கு வாசலில் டேலியா பூத்திருக்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. எப்போது நட வேண்டும்? போன வருசம் மழையில் கிழங்கு முழுக்க அழுகிவிட்டது.
*வாசகர், தலவாக்கலை*

நட்டதிலிருந்து பூவுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையிலிருந்து பின்னோக்கி எண்ணினால் மார்கழிக் கடைசி வரும். உங்கள் பக்கத்துக்கு அது நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தைக்கும் பங்குனிக்கும் இடையில் வெயில் கிடைக்கும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் சித்திரை சீசனுக்கு மலர்க் கண்காட்சி வைப்பார்களே, அதற்குப் போட்டி போடுகிறவர்கள் போடுவதும் இதே கணக்குத்தான்.

நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1,800 மீற்றருக்கு மேலே தை, மாசியில் தரைப்பனி விழும். சாயங்காலம் வானம் மேகமில்லாமல் துடைத்த மாதிரி இருந்தால் குருத்துகள் மேல் சாக்கு போட்டு மூடிவிடுங்கள். மறந்துபோய்க் காலையில் செடி கருகிக் கிடந்தாலும் பிடுங்கி எறியாதீர்கள். பனி மேலேதான் சுடும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. திரும்ப முளைக்கும், பூதான் சித்திரை தாண்டிப் போகும்.

பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் கணக்கு வேறு. உங்களுக்குப் பெருமழை மார்கழியிலும் கொட்டும். தை கழிந்து மழை விட்டபின் நடுங்கள். எங்கள் பக்கம் குடையோடு அலையும்போது உங்கள் வாசலில் பூ நிற்கும். இதில் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இனி அழுகல். பள்ளத்தில் பாத்தி போட்டால் அது குளம். சரிவிலே, முக்கால் அடி உயர்த்திப் போடுங்கள். ஆறு அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்க வைத்து, கண் மேலே பார்க்க மண்ணை மூடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை முதல் இரண்டு அடி. ஊன்றுகோலை அப்போதே குத்திவிட வேண்டும். செடி சாயும்போது குத்தப் போனால் கிழங்கின் நெஞ்சில்தான் இறங்கும். முக்கியமான விஷயம், முளை வெளியே தெரியும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். மண்ணில் இருக்கும் ஈரம் போதும். வேரே இல்லாத கிழங்கு தண்ணீரை வைத்து என்ன செய்யும், அழுகத்தான் செய்யும். போன வருசம் உங்கள் கிழங்கைக் கொன்றது மழை மட்டும்தானா, வாளியுமா என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

செடி ஓரடி உயர்ந்து நாலு சோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். மனசு வராது, தெரியும். கிள்ளினால் பக்கக் கிளை வரும், கிளைக்குக் கிளை பூ வரும். இலைக்குக் கீழே நத்தை ஒளிந்திருக்கும். இளம் குருத்தென்றால் ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். மருந்தை விட, இரவு எட்டு மணிக்கு டோர்ச் லைட்டும் பழைய பால்மா டின்னும்தான் என் ஆயுதம்.

வைகாசிக் கடைசியில் தென்மேற்கு மழை இறங்கும். பூ தண்ணீர் குடித்துத் தலை தொங்கும். அதற்குமேல் இழுக்காதீர்கள். தண்டை அரையடி விட்டு வெட்டி, ஒரு வாரம் அப்படியே விட்டு, மழை இடைவிடும் நாளில் மண் கிளறும் முள்ளால் செடியிலிருந்து தள்ளிக் குத்தித் தூக்குங்கள். ஒட்டிக் குத்தினால் கழுத்து முறியும். டேலியாத் தண்டு உள்ளே குழாய் மாதிரி இருக்கும். அதில் நிற்கும் தண்ணீர் நேரே கண்ணுள்ள இடத்துக்குத்தான் இறங்கும். அதனால் குலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நிழலில் இரண்டு மூன்று நாள் வடிய விடுங்கள்.

பிறகு எங்கே வைப்பது? எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். பங்களாவிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கிழங்குகளை ஈரம் படாமல் காப்பாற்றுகிறேன் என்று அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கினேன். மார்கழியில் எடுத்துப் பார்த்தால் கருவாடு. அப்பா திட்டவில்லை. ஒன்றை எடுத்து விரலால் வளைத்தார், சுள்ளி மாதிரி ஒடிந்தது. “இது தூங்குது, சாகல. தூங்குறதுக்கும் மூச்சு வேணும், கொஞ்சம் ஈரமும் வேணும்” என்றார். அடுத்த வருசத்திலிருந்து தகரப்பெட்டி, காய்ந்த தும்புத்தூள், கட்டிலுக்கடியில் இருட்டு. மாதம் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது என் வேலை. சுருங்கினால் தும்புத்தூள் மேல் நாலு துளி தண்ணீர், மெத்தென்று அழுகியதைப் பிய்த்து வெளியே. பிளாஸ்டிக் பைக்குள் மட்டும் கட்டி வைக்காதீர்கள், வியர்த்து அழுகிவிடும்.

இலையில் நரம்பை ஒட்டி மஞ்சள் கோடு, செடி குள்ளமாகச் சுருண்டு நிற்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?
*வாசகி, நானுஓயா*

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வைரஸ் தேமல். இதற்கு மருந்து கிடையாது. அசுவினி என்ற சின்னப் பூச்சி ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டு போகும், வெட்டுகிற கத்தியும் கொண்டு போகும். கிழங்கோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அந்தக் கிழங்கை யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். நான் அப்படி ஒன்று வாங்கி ஒரு பாத்தியையே இழந்தேன். கொடுத்தவரோடு இன்னும் பேச்சு வார்த்தை இருக்கிறது, அது வேறு கதை.

டேலியா கிழங்கைச் சாப்பிடலாமா?
*வாசகர், ஹட்டன்*

இதன் தாய்நாடு மெக்சிக்கோ. அங்கே பழங்குடிகள் சாப்பிட்டிருக்கிறார்கள். 1963இல் அந்த நாட்டின் தேசிய மலரும் இதுதான் என்று அறிவித்தார்கள். ஆனால் கிழங்கில் இருப்பது பெரும்பாலும் இனுலின் என்ற நார்ச்சத்து, நம் வயிற்றில் அது எளிதாகச் செரிக்காது. பூச்சிமருந்து அடித்த செடி என்றால் கிட்டவே போகாதீர்கள். கந்தப்பளை ஐயாவிடம் உருளைக்கிழங்கு வாங்கிச் சமையுங்கள்.

சிவப்பு டேலியாவின் விதையைப் போட்டேன். மஞ்சளும் ஊதாவும் ஒற்றை அடுக்கில் பூக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
*வாசகர், வெலிமடை*

கடைக்காரர் பாவம். நம் உடம்பில், பரம்பரைக் குணத்தைச் சுமக்கும் குரோமோசோம்கள் இரண்டு தொகுதி. தோட்ட டேலியாவில் எட்டு. அத்தனையும் கலைந்து விதையில் சேரும்போது தாய் மாதிரிப் பிள்ளை வராது. அதே பூ வேண்டுமென்றால் கிழங்கைப் பிரிக்க வேண்டும், அல்லது மூன்று அங்குலக் குருத்தை அடியோடு எடுத்து மணலில் வேர் பிடிக்க வைக்க வேண்டும். விதையில் வந்ததையும் வீசாதீர்கள். ஒற்றை அடுக்குப் பூவுக்குத்தான் தேனீ வரும்.

கொழும்பில் மகள் வீட்டு பல்கனியில் வளருமா?
*வாசகி, கொட்டகலை*

முளைக்கும். இரவிலும் புழுங்குகிற ஊரில் அதற்குத் தெம்பிருக்காது. மகளைச் சித்திரைக்கு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

நான் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறேன். வாடிய பூக்களை வெட்டினால் நிறையப் பூக்கும் என்று அம்மம்மா சொன்னார். வெட்டினேன். இப்போது பூவே இல்லை. அடுத்த மாதம் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குப் பூ தருவதாகவும் சொல்லிவிட்டேன்.
*மாணவி, மஸ்கெலியா*

அம்மம்மா சொன்னது சரி மகள். நீ வெட்டியது வாடிய பூவை அல்ல, மொட்டுகளை. இரண்டும் பச்சையாக, மூடிக்கொண்டு, ஒரே மாதிரி இருப்பதால் பெரியவர்களும் ஏமாறுகிறார்கள். மொட்டு உருண்டையாக, கோலிக்குண்டு மாதிரி, கெட்டியாக இருக்கும். இதழ் உதிர்ந்த பூ நுனி கூம்பியிருக்கும், அழுத்தினால் மெத்தென்று ஈரம் கசியும். சந்தேகமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் பிடித்துப் பார்.

அடுத்த மாதம்தானே, நேரம் இருக்கிறது. இனி மொட்டுகள் மூன்று மூன்றாக வரும். நடுவில் உள்ளதை விட்டு, பக்கத்து இரண்டையும் பட்டாணி அளவில் இருக்கும்போதே கிள்ளிவிடு. பூ பெரிதாக வரும், காம்பும் நீளும். விழாவன்று விடியற்காலையில், பனி காயும் முன் வெட்டு. நன்றாக விரிந்த பூவைத்தான் வெட்ட வேண்டும், ஏனென்றால் டேலியா மொட்டு ஜாடித் தண்ணீரில் விரியாது. வாளியைத் தோட்டத்துக்கே எடுத்துக்கொண்டு போய், வெட்ட வெட்டக் காம்பை உடனே தண்ணீரில் வை. பஸ்ஸில் கொண்டு போவதென்றால் பூவை மேலே பார்க்கப் பிடித்துக்கொள், மடியில் படுக்க வைத்தால் இதழ் நசுங்கிவிடும்.