வௌவாலுக்குக் கீழே விரித்த பிளாஸ்டிக் விரிப்பு

கேள்வி: நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர் ஒருவர், விலங்குகளிடமிருந்து பரவும் புதிய நோய்களை ஆராய்பவராகவும் விளங்க முடியுமா?

பதில்: முடியும். மலேசிய மருத்துவர் சுவா கா பிங் அதற்குச் சான்று. 1998-இல் பன்றிப் பண்ணையாளர்களைத் தாக்கிய மூளைக்காய்ச்சலை, கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அதிகாரிகள் கருதிக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளை விட்டுவிட்டு, பன்றிகளோடு நெருங்கிப் பழகிய பெரியவர்களே நோயில் விழுந்தது இடித்திருக்க வேண்டாமா? நோயாளியின் தண்டுவட நீரைச் சேர்த்து ஆய்வகத்தில் வளர்த்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்திருந்ததைக் கண்ட சுவா, 1999 மார்ச்சில் புதிய வைரஸை அடையாளம் காண வழிசெய்தார். அதுவே நிபா.

அதன்பின் அவர் செய்ததுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. இந்த வைரஸ் எந்த விலங்கிலிருந்து வந்தது என்று தேடி, மலேசியாவின் தியோமன் தீவில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழ் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து, சொட்டிய சிறுநீரையும் அவை கடித்துப் போட்ட பழங்களையும் அவரது குழு சேகரித்தது. அவற்றிலிருந்தே வைரஸைப் பிரித்தெடுத்தது.